முதலாண்டுப் பையனுக்கு ஆட்ட நேரம்: சேலம் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

மூன்றாம் ஆண்டுப் பையன்கள் ஏப்ரலில் பரீட்சை எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஜூன் மாதம் கிரவுண்டுக்கு வந்து பார்த்தால் போன வருடம் ஆடிய பதினொரு பேரில் மூன்று பேர்தான் மிச்சம். மற்றவர்கள் எல்லாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள், தண்ணீர் கேன் தூக்கியவர்கள். ஒரு வருடம் முழுக்க நம்மோடுதான் இருந்தார்கள். ஆனால் ரெஃப்ரி விசில் ஊதிய ஆட்டத்தில் எப்படி ஆடுவார்கள் என்பது நமக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

சேலத்தில் ஒரு கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருக்கும் நான் இந்த ஜூன் மாதத்தை இரண்டு முறை பார்த்துவிட்டேன். அதற்குப் பிறகுதான் புதுப் பையன்களுக்கான ஆட்ட நேரத்தை, கிடைத்தால் கொடுக்கலாம் என்று விடாமல், வருட ஆரம்பத்திலேயே கணக்குப் போட்டு நோட்டில் எழுதி வைக்க ஆரம்பித்தேன். ஆட்டம் சூடு பிடித்த நேரத்தில், கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, இதுவரை ஆடியே பார்க்காத ஒருவனை உள்ளே விட யாருக்கும் மனசு வராது. எனக்கும் வராது. மனசு வராது என்று தெரிந்துவிட்டதால், முடிவை ஆட்டத்துக்கு முன்பே எடுத்துவிட வேண்டும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

படி 1: வருடத்தின் நிமிடங்களை எண்ணுங்கள்

கல்லூரி அணிக்கு ஆட்டங்கள் மிகக் குறைவு. பெரியார் பல்கலைக்கழகத்தில் சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய நான்கு மாவட்டக் கல்லூரிகள் வருகின்றன. பொறியியல் கல்லூரி என்றால் அண்ணா பல்கலைக்கழக மண்டலப் போட்டி. எதுவானாலும் நாக்-அவுட்டில் முதல் ஆட்டம் தோற்றால் அந்த வருடப் போட்டி அன்றைக்கே முடிந்தது. இதற்கு மேல் அங்கங்கே நடக்கும் அழைப்புப் போட்டிகள், நாமாக ஏற்பாடு செய்யும் ஃப்ரெண்ட்லி ஆட்டங்கள். எல்லாம் சேர்த்து ஒரு வருடத்துக்கு 12 ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம்.

ஒரு முழு ஆட்டம் 90 நிமிடம். பதினொரு பேர். ஆக ஓர் ஆட்டத்துக்கு நம் கையில் 990 நிமிடம். 12 ஆட்டத்துக்கு 11,880 நிமிடம். இதில் கால் பங்கை, அதாவது 2,970 நிமிடத்தை, புதியவர்களுக்கு என்று முதலிலேயே எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு பையன்கள் இருந்தால் தலைக்கு 495 நிமிடம் வரும், ஐந்தரை முழு ஆட்டம். கேட்கப் பெரிய எண்ணாக இருக்கும். ஆனால் எந்த நேரத்திலும் களத்தில் பதினொரு பேரில் சராசரியாக மூன்று பேருக்கும் குறைவாகத்தான் புதியவர்கள் இருக்கிறார்கள். எட்டு சீனியர்கள் சுற்றி நிற்கிறார்கள். இதில் அணி கவிழ்ந்துவிடாது.

உள்ளூர்ப் போட்டிகளில் பாதிக்கு 30 நிமிடம் என்று நேரத்தைக் குறைப்பதுண்டு. அப்போது ஓர் ஆட்டத்துக்கு 660 நிமிடம்தான். நடத்துகிறவர்களிடம் முன்பே கேட்டுக்கொண்டு கணக்கைத் திருத்திவிடுங்கள்.

இன்னொன்று: 495 என்பதை எல்லாருக்கும் சமமாகப் பிரிக்க வேண்டியதில்லை. ஒருவன் 700 நிமிடம் ஆடலாம், இன்னொருவன் 300. ஆனால் 270-க்குக் கீழே, அதாவது மூன்று முழு ஆட்டத்துக்குக் கீழே, ஒருவரும் போகக் கூடாது என்று கோடு போட்டுக்கொள்ளுங்கள். அந்த அளவாவது ஆடாத ஒருவனைப் பற்றி நாம் சொல்லும் எந்த அபிப்பிராயத்துக்கும் அடிப்படை கிடையாது.

படி 2: ஒரு நாள் செலக்‌ஷனை நம்பாதீர்கள்

ஒரே ஒரு சாயங்காலம் நாற்பது பேரை ஓடவிட்டுப் பெயர் எழுதிக்கொள்வது பல இடங்களில் வழக்கம். அன்றைக்குக் கண்ணில் படுகிறவன் நாலு பேரை வெட்டிக்கொண்டு போகிறவன்தான். ஸ்டாப்பராக, அதாவது கோலுக்கு முன்னால் நடு டிஃபென்ஸில் நின்று, வாயைத் திறந்து பேசி, இடம் பிடித்து ஆடுகிறவன் அந்தக் கூட்டத்தில் தெரியவே மாட்டான்.

மூன்று சாயங்காலம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் நாள் சின்னக் கட்டத்தில் ஐந்துக்கு ஐந்து. இரண்டாம் நாள் அவரவர் சொல்லும் இடத்தில் ஆடவிடுங்கள். மூன்றாம் நாள் சீனியர்களோடு கலந்து பதினொன்றுக்குப் பதினொன்று. நான் பார்ப்பது மூன்று விஷயம். பந்தை இழந்த அடுத்த மூன்று விநாடியில் கையை விரித்துக்கொண்டு நிற்கிறானா, திரும்பி ஓடுகிறானா? பந்து காலுக்கு வரும் முன்பே தலையைத் திருப்பிச் சுற்றிப் பார்க்கிறானா? சீனியர் ஒருவன் சத்தம் போட்டால், அடுத்த பந்தையும் கேட்கிறானா, அல்லது கண்ணில் படாத மூலையில் போய் நிற்கிறானா? மூன்றாவதில் ஒதுங்குகிறவனை வேண்டாம் என்று தள்ள வேண்டாம். அவனுக்கு ஆட்ட நேரம் இன்னும் அதிகமாகவே தேவை, ஆனால் வேறு விதமாகக் கொடுக்க வேண்டும். ஐந்தாம் படியில் சொல்கிறேன்.

பள்ளியில் என்ன ஆடினான் என்று கட்டாயம் கேளுங்கள். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் மட்டுமே ஆடி வளர்ந்தவன் என்றால், ஆஃப்சைடு இல்லாமல் ஆடியே பழகியிருப்பான். காலில் பந்து பேசும். ஆனால் டிஃபென்ஸ் வரிசையோடு சேர்ந்து ஏறி இறங்கத் தெரியாது. அவனை முதல் ஆட்டத்திலேயே பேக்காக நிறுத்திவிட்டு, நான்கு பேரும் ஏறும்போது இவன் மட்டும் பின்னால் நிற்கிறான் என்று திட்டுவதில் நியாயமில்லை. சொல்லிக் கொடுக்காத பாடத்தில் பரீட்சை வைத்தது நாம்தான்.

படி 3: உடம்பு தயாரா என்று பாருங்கள்

ஆர்வத்தில் பலர் தாண்டிப் போகும் படி இது.

சேர்வராயன் மலை ஊர்களிலிருந்து வரும் பையன்கள் நன்றாக ஓடுவார்கள். மேடும் பள்ளமும் நடந்தே பழகிய கால்கள். ஆனால் ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரம், குளிர்ந்த காற்று. அங்கிருந்து இறங்கி விடுதியில் சேர்ந்த முதல் வாரத்தில் சேலத்து வெயிலில் மதிய ஆட்டம் வைத்தால், அரை மணி நேரத்தில் மயங்கி உட்கார்ந்துவிடுவான். தைரியம் இல்லாதவன் என்று நாம் முடிவு கட்டிவிடுவோம். வெயிலுக்கு உடம்பு பழகப் பத்து நாள் முதல் இரண்டு வாரம் ஆகும். முதல் நாலைந்து நாள் காலை ஆறரைக்குப் பயிற்சி, பிறகு சிறிது சிறிதாக வெயில் நேரத்துக்கு நகர்த்துங்கள். உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர், மோர், வாழைப்பழம் போதும். விலை உயர்ந்த பானம் எதுவும் வேண்டாம். தலைவலி, குமட்டல், வியர்வையோடு நடுக்கம், பேச்சில் தடுமாற்றம் இவற்றில் எது தெரிந்தாலும் அன்றைக்கு அவனுடைய ஆட்டம் முடிந்தது. நிழலில் படுக்க வைத்து உடம்பை ஈரத்துணியால் குளிர வையுங்கள். பேச்சு தடுமாறினால் குளிர வைத்துக்கொண்டே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள்.

காயத்துக்கு ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப் முறை இருக்கிறது. பதினைந்து பயிற்சிகள், மொத்தம் 20 நிமிடம். 8 நிமிடம் மெதுவான ஓட்டம், 10 நிமிடம் வலு, தாவல், சமநிலை, கடைசி 2 நிமிடம் வேக ஓட்டம். பந்தோ கருவியோ பெரிதாகத் தேவையில்லை. வாரம் இரண்டு மூன்று முறை ஒழுங்காகச் செய்யும் அணிகளில் காயங்கள் தெளிவாகக் குறைந்திருக்கின்றன. திடீரென்று ஆட்ட நேரம் கூடும் பையனுக்குத்தான் தொடைத் தசையும் கணுக்காலும் முதலில் போகும். அதனால் நிமிடம் கூட்டும் மாதத்தில் இதை ஒரு நாளும் விடாதீர்கள்.

பூட், ஷின் கார்டு இரண்டும் இருக்கிறதா என்று தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். எல்லாருக்கும் முன்னால் கேட்டால், இல்லாதவனும் இருக்கிறது சார் என்றுதான் சொல்வான். இரவல் பூட் ஒரு சைஸ் பெரிதாக இருந்ததால் வருடம் முழுக்க முதல் தொடுதலில் பந்தை இழந்துகொண்டே இருந்த ஒரு பையனை எனக்குத் தெரியும்.

படி 4: ஆட்டங்களை நீங்களே உண்டாக்குங்கள்

போட்டிகளில் மட்டும் கால் பங்கு நிமிடம் கிடைக்காது. ஃப்ரெண்ட்லி ஆட்டங்கள்தான் பெரும்பகுதி. பக்கத்துக் கல்லூரி, பள்ளி அணிகள், ஊர் கிளப்கள், காவல்துறை அணி என்று யாரிடமும் கேட்கலாம். ஒரு தொலைபேசி அழைப்பும் கொஞ்சம் கூச்சமும்தான் செலவு.

ஃப்ரெண்ட்லியில் எத்தனை சப் (மாற்று ஆட்டக்காரர்) என்பதை இரண்டு அணிகளும் பேசி முடிவு செய்து, ஆட்டத்துக்கு முன்பே ரெஃப்ரியிடம் சொல்லிவிட்டால் ஐந்துக்கு மேலேயும் போகலாம். விதி அதற்கு இடம் கொடுக்கிறது. எனக்குப் பிடித்த முறை, 90 நிமிடத்தை மூன்று முப்பதாகப் பிரிப்பது. முதல் முப்பது சீனியர் அணி. இரண்டாவது முப்பது பாதிக்குப் பாதி. மூன்றாவது முப்பதில் ஏழு புதியவர்கள், நான்கு சீனியர்கள். எதிரணிக்கும் இது வசதிதான், அவர்களிடமும் ஆடாத பையன்கள் இருப்பார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை ஏற்காட்டில் ஓர் ஆட்டம் வையுங்கள். மலைப் பையன்களுக்கு அது சொந்த மண். நம் அணியில் அதுவரை அமைதியாக இருந்தவன் அங்கே போனதும் வழி காட்டுகிறவனாக ஆகிவிடுவான். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறும் வண்டியில் சமவெளிப் பையன்களில் சிலர் வாந்தி எடுப்பார்கள். அதனால் காலையில் இரண்டு இட்லிக்கு மேல் கொடுக்காதீர்கள். மேலே போனதும் ஒரு மணி நேரமாவது விட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள். மழை மாதங்களில் மூடுபனி இறங்கினால் எதிர் கோல் போஸ்டே தெரியாது. நாளைப் பார்த்து வையுங்கள்.

படி 5: எந்த நிமிடத்தைக் கொடுப்பது?

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

புதுப் பையனுக்குக் கடைசி ஐந்து நிமிடம் கொடுப்பது அவனுக்கு ஆட்டம் கொடுத்ததாக ஆகாது. உள்ளே போகும்போது மற்றவர்கள் 85 நிமிடம் ஓடிச் சூடாகி இருக்கிறார்கள். இவன் குளிர்ந்த உடம்போடு நுழைகிறான். பந்து இரண்டு முறை காலுக்கு வரும். ஒன்று தவறினால் அவன் கணக்கில் பாதி தவறு. நாமும், பார்த்தேனே, இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிடுவோம். ஐந்து நிமிடத்தில் யாராலும் எதையும் காட்ட முடியாது.

அதற்குப் பதிலாக முதல் 30 நிமிடத்தைக் கொடுங்கள். வார்ம்-அப் எல்லாரோடும் சேர்ந்து செய்கிறான். ஸ்கோர் 0-0. எல்லாருடைய காலும் ஒரே மாதிரி புதிது. தவறு செய்தாலும் சரி செய்துகொள்ள நேரம் இருக்கிறது, அணிக்கும் நேரம் இருக்கிறது. முப்பதாவது நிமிடத்தில் உன்னை எடுத்துவிடுவேன் என்று முன்பே சொல்லி வையுங்கள். இல்லையென்றால் நம்மை ஒதுக்கிவிட்டார் என்று நினைத்துக்கொள்வான். இப்படி இரண்டு ஆட்டம் ஆன பிறகு 45 நிமிடம், பிறகு 60, பிறகு முழு ஆட்டம். ஐந்தாறு வாரத்தில் ஒருவன் முப்பதிலிருந்து தொண்ணூறுக்கு வந்துவிடலாம்.

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் வேறு விளையாட்டு, கையால் பந்தை எடுத்து ஆடுவது. ஆனால் இதே தலைவலி அங்கேயும் உண்டு. ஒரு மாணவனுக்கு நான்கு வருட ஆட்டத் தகுதிதான் என்று வைத்திருந்தார்கள். முன்பெல்லாம் முதலாண்டில் ஓர் ஆட்டத்தில் இறங்கினாலே பெரும்பாலும் அந்த வருடம் கணக்கில் போய்விடும் என்பதால் பலரை வெளியிலேயே உட்கார வைத்தார்கள். 2018-இல் விதியை மாற்றி, நான்கு ஆட்டம் வரை இறங்கினாலும் அந்த வருடம் கணக்கில் சேராது என்று ஆக்கினார்கள். நமக்கு அப்படி விதி எதுவும் தடையாக இல்லை. நம் தயக்கம் ஒன்றுதான் தடை.

எந்த இடத்தில் இறக்குவது என்பதிலும் ஒரு வரிசை வைத்திருக்கிறேன். முதலில் விங். கோட்டோரம் நிற்பதால் பந்து ஒரு பக்கத்திலிருந்துதான் வரும், தவறினாலும் பெரும்பாலும் த்ரோ-இன்னோடு முடியும். கோச் நிற்கும் பக்கத்து விங்கில் நிறுத்தினால் பேசவும் வசதி. அடுத்தது பக்கவாட்டு பேக். பிறகு ஸ்ட்ரைக்கர். அதற்கப்புறம் நடு மிட்ஃபீல்ட், அங்கே நாலா பக்கமும் ஆள் வரும். கடைசியாக ஸ்டாப்பர். ஒதுங்கும் சுபாவமுள்ள பையன் என்று சொன்னேன் அல்லவா, அவனை மட்டும் விங்கில் விடாதீர்கள். கோட்டோரம் ஒளிந்துகொள்ள இடம் கிடைத்துவிடும். பக்கவாட்டு பேக்காக நிறுத்தினால் பந்து அவனைத் தேடி வந்தே தீரும்.

கோல்கீப்பர் கதை வேறு. அவனுக்கு அரை அரையாக நேரம் கொடுப்பதில் பயனில்லை. நான்காவது ஆட்டத்தில் முழு 90 நிமிடமும் நீதான் என்று இரண்டு வாரத்துக்கு முன்பே சொல்லிவிடுங்கள்.

படி 6: பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள்

புதியவனை இறக்கும்போது முடிந்தவரை இரண்டு புதியவர்களை அடுத்தடுத்து நிறுத்தாதீர்கள். இடது பேக் முதலாண்டு என்றால் இடது ஸ்டாப்பர், இடது விங் இருவரும் சீனியர். 1994 செப்டம்பரில் இங்கிலாந்தின் மான்செஸ்டர் யுனைடெட் அணி, லீக் கோப்பை ஆட்டத்துக்காக போர்ட் வேல் அணியின் கிரவுண்டுக்குப் போனபோது மேனேஜர் அலெக்ஸ் ஃபெர்குசன் ஒரு கூட்டம் இளைஞர்களை இறக்கினார். பால் ஸ்கோல்ஸுக்கு முதல் அணியில் அதுதான் முதல் ஆட்டம். இரண்டு கோலும் அவர் அடித்ததுதான், 2-1 என்று ஜெயித்தார்கள். எல்லாரும் அந்த இளைஞர்களைப் பற்றித்தான் பேசுவார்கள். நான் பார்ப்பது அதே அணியில் டெனிஸ் இர்வின், பிரையன் மெக்ளேர் போன்ற பழம் ஆட்டக்காரர்கள் ஆடினார்கள் என்பதை. லீக்கைவிட அழுத்தம் குறைந்த போட்டியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும் தற்செயல் இல்லை.

சீனியருக்கு அந்த வேலையைப் பெயர் சொல்லிக் கொடுங்கள். "கண்ணு, இன்னைக்கு முதல் அரை மணி நேரம் தம்பி உன் பொறுப்பு. அவன் ஏறினா நீ கவர். அவன் தப்பு பண்ணா நீ கையைத் தூக்கக் கூடாது, அடுத்த பந்தை அவனுக்கே கொடு." இதைத் தனியாக, முதல் நாளே சொல்ல வேண்டும்.

புதியவனுக்கு இரண்டே வேலை. "அவங்க விங்கரை உள்பக்கம் விடாதே. பந்து கிடைச்சா முதல்ல அண்ணனுக்குக் கொடு." அதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். பத்து விஷயம் சொல்லி அனுப்பினால் பத்தையும் யோசித்துக்கொண்டே பந்தை விட்டுவிடுவான்.

படி 7: மூன்றாம் ஆண்டுப் பையன்களிடம் நேராகப் பேசுங்கள்

இது கசப்பான படி, தவிர்க்கக் கூடாத படி. ஒரு வருடம் என் கேப்டன் வந்து நின்றான். "சார், எங்களுக்கு இது கடைசி டோர்னமெண்ட் சார். மூணு வருஷமா வெயில்ல ஓடியிருக்கோம். நேத்து வந்த பையன் ஆடுவான், நாங்க பார்க்கணுமா?" அவன் கேட்டதில் தப்பே இல்லை. பல்கலைக்கழக அணியில் இடம் கிடைத்தால் வரும் சான்றிதழ் நாளைக்கு ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் அவனுக்கு உதவும். அது அவன் வாழ்க்கை.

அதனால் ஜூன் மாதமே நோட்டைத் திறந்து அவர்களுக்கு முன்னால் வையுங்கள். கால் பங்கு புதியவர்களுக்கு, முக்கால் பங்கு உங்களுக்கு. பல்கலைக்கழகப் போட்டியில், தேர்வாளர்கள் பார்க்கும் ஆட்டங்களில், சீனியர்களின் இடத்தை முடிந்தவரை தொட மாட்டேன். புதியவர்களின் நிமிடங்களில் பெரும்பகுதி ஃப்ரெண்ட்லியிலும் அழைப்புப் போட்டியிலும் வரும். இந்த எண் முன்பே தெரிந்துவிட்டால் ஆட்ட நாளன்று யாரும் முகத்தைத் தூக்குவதில்லை. அந்தக் கேப்டனிடம் இன்னொன்றையும் நினைவுபடுத்தினேன். "நீ ஃபர்ஸ்ட் இயர் வந்தப்ப உன்னை இறக்கினது யாரோட இடத்துல, ஞாபகம் இருக்கா?" கொஞ்ச நேரம் பேசாமல் நின்றான். அப்புறம் அவனே அந்தப் பையனைக் கூட்டிப்போய் கார்னரில் எப்படி மார்க் பண்ணுவது என்று காட்டினான்.

படி 8: போட்டி நாளில் மூன்று சீட்டு

நாக்-அவுட் ஆட்டத்தில் முடிவுகளைத் தலையில் வைத்துக்கொள்ளாதீர்கள். முந்தின இரவே மூன்று துண்டுச் சீட்டில் எழுதுங்கள். 60-வது நிமிடத்தில் இரண்டு கோல் முன்னால் இருந்தால் யார் யார் உள்ளே, யாருக்குப் பதிலாக. சமமாக இருந்தால் யார் ஒருவன். பின்னால் இருந்தால் யார். மூன்றாவது சீட்டிலும் ஒரு புதியவன் பெயர் இருக்க வேண்டும். தோற்றுக்கொண்டிருக்கும் ஆட்டத்தில் பயமில்லாத கால் ஒன்று உதவும்.

அதிகாரப்பூர்வப் போட்டிகளில் ஐந்து சப் வரை என்பது 2022 முதல் ஆட்ட விதியிலேயே நிலையாக இருக்கிறது. ஆனால் எத்தனை என்பதை அந்தந்தப் போட்டியின் விதித்தாள்தான் முடிவு செய்யும். மூன்று என்று வைப்பவர்களும் உண்டு. எத்தனை முறை ஆட்டத்தை நிறுத்தி மாற்றலாம் என்பதையும் மேலாளர் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். வெயில் அதிகமாக இருந்தால் 90 விநாடியிலிருந்து 3 நிமிடம் வரை உடம்பு ஆற்றிக்கொள்ள இடைவேளை கொடுக்க விதியில் இடமுண்டு, அதையும் கேளுங்கள். புதியவனிடம் பேச அது நல்ல நேரம்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே வெளியே எடுங்கள். அவன் ஆடுகிறேன் சார் என்று கெஞ்சுவான். அன்றைக்குத் திரும்ப உள்ளே விடாதீர்கள்.

படி 9: தவறு செய்த பிறகு பத்து நிமிடம்

ஒருமுறை அழைப்புப் போட்டி அரையிறுதியில் முதலாண்டு ஸ்டாப்பர் ஒருவன் பந்தைக் கீப்பருக்குத் திருப்பிக் கொடுத்தான். பந்தில் வேகம் போதவில்லை. எதிரணி ஸ்ட்ரைக்கர் எடுத்துக்கொண்டு போய் கோல் போட்டுவிட்டான். 12-வது நிமிடம். நான் 13-வது நிமிடத்தில் அவனை வெளியே எடுத்தேன். ஒரு வார்த்தை திட்டவில்லை. ஆனால் பெஞ்ச் வரைக்கும் அவன் தனியாக நடந்து வந்ததைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த திங்கட்கிழமை அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. விடுதிக்குப் போய்க் கூப்பிட்டும் வரவில்லை. நல்ல ஸ்டாப்பர். அவனை இழந்தது அந்தத் தவறான பாஸால் இல்லை, நான் கை காட்டி வெளியே கூப்பிட்டதால்.

அன்றிலிருந்து ஒரு விதி. தவறு செய்தவனைப் பத்து நிமிடத்துக்கு வெளியே எடுக்க மாட்டேன். அந்தப் பத்து நிமிடத்தில் குறைந்தது மூன்று பந்தாவது அவனுக்குப் போக வேண்டும் என்று கேப்டனிடம் சைகை காட்டுவேன். பெரும்பாலானவர்கள் தேறிவிடுவார்கள். தேறாமல் கால் நடுங்கினால், ஆட்டத்தின் போக்கில் சாதாரணமாக மாற்றிவிட்டு, வெளியே வந்ததும் பக்கத்தில் உட்கார வைத்து ஆட்டத்தைப் பற்றிப் பேசுவேன். அவனுடைய தவறைப் பற்றி மறுநாள்தான்.

தோல்விக்கும் மனசைத் தயார் செய்துகொள்ளுங்கள். 2017-இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய பையன்களை, அனைத்திந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு இந்தியன் ஏரோஸ் என்ற பெயரில் ஐ-லீக் என்ற தேசியக் கிளப் போட்டியில் பெரியவர்களோடு ஆட வைத்தது. பத்து அணியில் பத்தாவதாக வந்தார்கள். கடைசியாக வந்தாலும் கீழ்ப் பிரிவுக்கு இறக்கப்படும் ஆபத்து அவர்களுக்கு இல்லை என்று முன்பே முடிவு செய்திருந்தார்கள். அந்த அணியில் ஆடிய சுரேஷ் சிங், அமர்ஜித் சிங், அன்வர் அலி எல்லாரும் பிறகு இந்திய சீனியர் அணிக்கு ஆடினார்கள். நம் முதல்வரிடமும் செயலரிடமும் இதையே கேட்டு வாங்க வேண்டும்: புதியவர்கள் ஆடும் ஃப்ரெண்ட்லிகளில் ஸ்கோர் என்ன என்று என்னைக் கேட்காதீர்கள்.

எங்கள் பெண்கள் அணியைப் பார்த்துத்தான் எனக்கு இதில் நம்பிக்கை வந்தது என்றும் சொல்ல வேண்டும். அங்கே ஆளே பதின்மூன்று பேர்தான். முதலாண்டுப் பெண்களை முதல் நாளிலிருந்தே ஆட வைப்பதைத் தவிர வேறு வழி கிடையாது. பள்ளியில் பந்தையே தொடாமல் வந்தவர்கள் இரண்டாம் ஆண்டில் கார்னரை இரண்டு காலாலும் போடுகிறார்கள். பெஞ்ச் நிறைய ஆள் வைத்திருந்த ஆண்கள் அணியில் அந்த வளர்ச்சி வரவில்லை.

படி 10: ஓ.டி., வீடு, விடுதி

ஆட்ட நேரம் கொடுத்தால் போதாது, அவனால் வர முடிய வேண்டும். முதலாண்டுப் பையனுக்குத் துறைத் தலைவர் முகமே பழகியிருக்காது, ஆட்டத்துக்குப் போன நாளுக்கு அட்டெண்டன்ஸ் கேட்கும் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை நீட்டப் பயப்படுவான். கடிதத்தை நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள். அட்டெண்டன்ஸ் 75 சதவீதத்துக்குக் கீழே போகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். இன்டர்னல் தேர்வு வாரத்தில் ஃப்ரெண்ட்லி வைக்காதீர்கள். வீட்டுக்கு ஒரு போன் செய்து, "பையன் நல்லா ஆடுறான்ம்மா, படிப்பையும் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லுங்கள். செமஸ்டர் நடுவில் விளையாட்டை விட்டுவிடு என்று வீட்டில் சொல்வது பாதி குறையும். ஆட்டம் முடிந்து திரும்பும்போது வழியில் தட்டுவடை செட் வாங்கிக் கொடுத்தால், ஆடாதவனுக்கும் சேர்த்து வாங்குங்கள்.

படி 11: நோட்டு

நாற்பது பக்க நோட்டு போதும். ஆளுக்கு ஒரு பக்கம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தேதி, எதிரணி, எத்தனையாவது நிமிடம் உள்ளே, எத்தனையாவது நிமிடம் வெளியே, எந்த இடம், பக்கத்தில் நின்ற சீனியர் யார். அதற்குக் கீழே ஒரே ஒரு வரி: இன்று முதல் முறையாக என்ன செய்தான். "இடது காலால் கிராஸ் போட்டான்." "ஸ்டாப்பரிடம் வாயைத் திறந்து பேசினான்." மாலையிலேயே எழுதிவிடுங்கள், மறுநாள் ஆனால் கோல் போட்டவன் மட்டும்தான் ஞாபகத்தில் இருப்பான்.

நான்கு ஆட்டத்துக்கு ஒருமுறை கூட்டிப் பாருங்கள். நான்கில் ஒரு பங்கு என்று சொன்ன நிமிடங்கள் உண்மையில் எட்டில் ஒரு பங்காகத்தான் இருக்கும். எனக்கு முதல் வருடம் அப்படித்தான் இருந்தது. மிச்சத்தை அடுத்த நான்கு ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மார்ச் கடைசியில், சீனியர்கள் பரீட்சைக்குப் போகும் முன், முழுக் கூட்டல் போட்டு, 270 நிமிடத்தைத் தொடாத பெயர்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். ஜூன் மாத முதல் ஃப்ரெண்ட்லிக்கு லைன்-அப் எழுதும்போது முதலில் எழுத வேண்டியது அந்தப் பெயர்களைத்தான்.